ஒரு வரிப் பதில், பதினான்கு ஆண்டுப் பாடம்

“மனிதத் தலையை ஏன் வெட்டினீர்கள்?”

பிலிப்பீன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், மணிலாவுக்கு வடகிழக்கே உள்ள மலைக்காட்டில் வாழ்ந்த இலோங்கோட் மக்களிடம் 1960களின் இறுதியில் ஓர் அமெரிக்க இளைஞர் இந்தக் கேள்வியைக் கேட்டார். பெரியவர்கள் சொன்ன பதில் ஒரே வரிக்குள் அடங்கிவிட்டது. வேண்டியவர் இறந்தால் துக்கம் வரும், துக்கத்தோடு ஆத்திரமும் வரும், அந்த ஆத்திரத்தைக் கொண்டுபோய்ப் போட ஓர் இடம் வேண்டும் என்றார்கள். வெட்டிய தலையை வீசி எறியும்போது நெஞ்சில் கிடக்கும் ஆத்திரத்தையும் சேர்த்து வீசி எறிவதாகச் சொன்னார்கள்.

கேள்வி கேட்டவர் ரெனாட்டோ ரொசால்டோ. மானுடவியல் ஆய்வாளர். அவரும் அவருடைய மனைவி மிஷெல் ரொசால்டோவும் 1967 முதல் 1969 வரையிலும், மறுபடி 1974இலும், மொத்தம் 30 மாதங்கள் அந்த மக்களோடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய மொழியைக் கற்றார்கள். பதிலில் இருந்த ஒவ்வொரு சொல்லும் ரெனாட்டோவுக்குத் தெரியும். ஆனாலும் பதில் விளங்கவில்லை. ‘இவ்வளவு பெரிய செயலுக்கு இவ்வளவு சின்னக் காரணமா? இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்க வேண்டும்’ என்று நினைத்தார்.

அந்த ஒரு வரி அவருக்கு விளங்கப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. எப்படி விளங்கியது, விளங்கியதை அவர் எப்படி எழுதினார் என்ற கதையை இந்தப் பக்கத்தின் வாசகர்களான உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும் பாடங்களில் ‘இலக்கிய மானுடவியல்’ என்ற துறையை எனக்கு நெருக்கமாக்கியது இந்தக் கதைதான். நம் வீட்டுப் பெரியவர்களை நாம் எப்படிக் கேட்கிறோம் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

இலக்கிய மானுடவியல் என்றால் என்ன?

மானுடவியல் என்பது மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று ஆராயும் துறை. ஆய்வாளர் ஓர் ஊருக்குப் போய், மாதக்கணக்கில் தங்கி, மொழி கற்று, கூடவே உண்டு உறங்கி, பார்த்ததை எழுதுவார். இதைக் கள ஆய்வு என்கிறோம்.

இதில் இலக்கியம் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. முதல் வழி, இலக்கியத்தையே மனித வாழ்வின் சாட்சியாகப் படிப்பது. மனிதனுக்குக் கதையும் பாட்டும் ஏன் தேவைப்படுகின்றன என்று கேட்பது. ஜெர்மானிய அறிஞர் வுல்ஃப்காங் இசர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1991இல் ஒரு நூலே எழுதினார். இரண்டாவது வழி, ஆய்வாளரே எழுத்தாளராக மாறுவது. பார்த்ததை அறிக்கையாக எழுதினால் முக்கியமானது விட்டுப்போகிறது என்று தோன்றும்போது கதை, கவிதை, உரையாடல், தன் அனுபவம் ஆகியவற்றின் துணையோடு எழுதுவது.

அறிவியல் எழுதப் போனவர் கவிதை எழுதலாமா? இந்தச் சண்டை பழையது. ரூத் பெனடிக்ட் என்ற புகழ்பெற்ற மானுடவியலாளர் தம் கவிதைகளை ‘ஆன் சிங்கிள்டன்’ என்ற புனைபெயரில்தான் வெளியிட்டார். ஆய்வு ஒரு பெயரில், கவிதை வேறொரு பெயரில். 1986இல் ஜேம்ஸ் கிளிஃபர்டும் ஜார்ஜ் மார்க்கஸும் தொகுத்த ஒரு கட்டுரை நூல் இந்தச் சுவரை அசைத்தது. ஆய்வு நூலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்து எழுதிய ஒன்றுதானே என்று அந்த நூல் கேட்டது.

இதையெல்லாம் வகுப்பில் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எழுத்தை அழகாக்கத்தான் இத்தனை பாடா? ரொசால்டோவைப் படித்த பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது. அவர் தேடியது அழகை அல்ல, துல்லியத்தை.

நிறுத்தச் சொன்ன ஒலிநாடா

இலோங்கோட் மக்களின் பதிலில் திருப்தி அடையாத ரொசால்டோ, கோட்பாடுகளைத் தேடிப் போனார். ஓர் உயிர் போனதற்கு ஈடாக இன்னோர் உயிர் என்று கணக்குத் தீர்க்கிறார்களோ என்று யோசித்தார். மானுடவியலில் ‘பரிமாற்றம்’ என்ற கருத்து அப்போது செல்வாக்கோடு இருந்தது. அதை ஓர் இலோங்கோட் நண்பரிடம் விளக்கிக் கேட்டார். வேறு யாராவது அப்படி நினைக்கலாம், நாங்கள் அப்படி நினைப்பதில்லை என்று பதில் வந்தது. கோட்பாடு அத்தோடு முடிந்தது.

1972இல் அதிபர் மார்க்கோஸ் நாட்டில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். தலை வேட்டையாடினால் சுட்டுக் கொல்வார்கள் என்ற செய்தி மலைக்குள்ளும் பரவியது. வேட்டை நின்றது. துக்கத்தைத் தாங்க வேறு வழி தேடியவர்களில் பலர் கிறிஸ்துவ சமயத்தில் சேர்ந்தார்கள்.

1974இல் ரொசால்டோ தம்பதியர் திரும்பி வந்தபோது, தலை வேட்டைக் கொண்டாட்டத்தில் முன்பு பதிவு செய்திருந்த பாட்டைக் கேட்க வேண்டும் என்று மக்களே ஆசைப்பட்டார்கள். ஒலிநாடா ஓடத் தொடங்கியது. சற்று நேரத்தில் சூழ்நிலை மாறியது. நெருங்கிய நண்பர் ஒருவர் அதை உடனே நிறுத்தும்படி சொன்னார். கண்கள் சிவந்திருந்தன. யாரும் பேசவில்லை. அந்தக் கொண்டாட்டம் இனி ஒருபோதும் நடக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைக் கேட்பது வலிக்கிறது என்று பிறகு இன்னொருவர் விளக்கினார்.

கவனியுங்கள், இங்கே ஆய்வாளருக்குக் கிடைத்த விளக்கத்தை விட அதற்கு முன் நடந்தவைதான் அதிகம் பேசின. ஒரு பாட்டு, சிவந்த கண்கள், ‘நிறுத்து’ என்ற ஒரு சொல், பிறகு மௌனம். ரொசால்டோ இவற்றைப் பார்த்தார், குறித்தும் வைத்தார். துக்கத்துக்கும் ஆத்திரத்துக்கும் உள்ள உறவு மட்டும் அவருக்கு அப்போதும் எட்டவில்லை.

மிஷெல் இதே மக்களைப் பற்றி 1980இல் வெளியிட்ட நூலில் ‘லிகெட்’ என்ற இலோங்கோட் சொல்லை விரிவாக ஆராய்ந்தார். கோபம் என்று அதை மொழிபெயர்க்கலாம், ஆனால் பாதிப் பொருள் போய்விடும். காட்டில் கடுமையாக உழைக்கத் தூண்டும் வேகமும் லிகெட்தான், கொலைக்குத் தூண்டும் வெறியும் லிகெட்தான். இதைப் படித்தபோது தமிழ்ச் சொல் ஒன்று என் நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ‘பெத்த வயிறு எரியுது’ என்கிறாள். அது துக்கமா, கோபமா? இரண்டும்தான். நம் மொழியிலேயே இரண்டும் ஒரே வயிற்றில் எரியும்போது, இலோங்கோட் பெரியவர் சொன்னது நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

1981 அக்டோபர் 11

அந்த ஆண்டு ரொசால்டோ தம்பதியர் தங்கள் இரண்டு சிறு மகன்களோடு லூசோனின் வேறொரு மலைப்பகுதிக்கு, இஃபுகாவ் மக்களிடம் ஆய்வு செய்யப் போனார்கள். அக்டோபர் 11ஆம் தேதி மிஷெல் இரண்டு துணைகளோடு ஒரு மலைப்பாதையில் நடந்து போனார். கால் இடறியது. ஏறத்தாழ 65 அடி ஆழத்தில், பெருக்கெடுத்து ஓடிய ஆற்றில் விழுந்து இறந்தார்.

மனைவியின் உடலைக் கண்டபோது தமக்குள் எழுந்ததை ரொசால்டோ பின்னர் மறைக்காமல் எழுதினார். அழ முயன்றார், அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். இப்படி என்னை விட்டுவிட்டுப் போகலாமா என்று இறந்தவர் மீதே கோபம். உடம்பு நடுங்கியது, நெஞ்சை ஏதோ அழுத்தியது.

அப்போதுதான் அந்த ஒரு வரி அவருக்கு விளங்கியது. பெரியவர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் சொன்னதே முழுப் பதில். அதற்குப் பின்னால் வேறு ஆழம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சொற்களின் கனத்தைத் தாங்கும் அனுபவம்தான் கேட்டவரிடம் அதுவரை இல்லாமல் இருந்தது.

இதை அவர் ஒரு கட்டுரையாக எழுதி 1984இல் வெளியிட்டார். 1989இல் தம் நூலின் முன்னுரையாக விரித்து எழுதினார். ஆய்வாளர் தன்னைப் பற்றி ஆய்வுக் கட்டுரையில் எழுதக்கூடாது என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில் அது துணிச்சலான செயல்.

அவர் அதில் போட்ட எல்லைக்கோடு முக்கியமானது. என் ஆத்திரமும் அவர்கள் ஆத்திரமும் ஒன்றே என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஓரளவு படியும் இரண்டு வட்டங்களைப் போன்றவை அவை என்றார். படியும் பகுதியில் புரிதல் உண்டு, படியாத பகுதியை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். புரிந்துகொண்டதால் தலை வெட்டுவதை அவர் நியாயப்படுத்திவிடவும் இல்லை.

1996இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகுதான் கவிதை எழுதத் தொடங்கினார். 2014இல், மிஷெல் இறந்த அந்த ஒரே நாளைப் பற்றிய ஒரு முழுக் கவிதை நூல் வந்தது. அந்த நூலில் அவர் ஒருவர் மட்டும் பேசவில்லை. அந்த நாளில் குறுக்கிட்ட பலருடைய பார்வையிலிருந்தும் கவிதைகள் விரிகின்றன. களத்தில் பார்த்ததை விட்டு விலகாமல் எழுதப்படும் இத்தகைய கவிதைக்கு, மானுடவியலையும் கவிதையையும் இணைத்து ஸ்பானிய மொழியில் ‘ஆந்த்ரோபொயேசியா’ என்று அவர் பெயர் வைத்தார்.

ஒரு மரணத்தை எழுத ஒரு கட்டுரை, பிறகு ஒரு கவிதை நூல், நடுவில் முப்பது ஆண்டுகள். கட்டுரை ‘ஏன்’ என்பதை விளக்கியது. அன்று மதியம் அந்த ஊரில் காற்று எப்படி நின்றது, செய்தி சொல்ல வந்தவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் கட்டுரையில் இடமில்லை. அதற்குக் கவிதை தேவைப்பட்டது.

பேச்சில் ஒன்று, பாட்டில் ஒன்று

எல்லாருக்கும் இப்படிச் சொந்த இழப்பு வந்துதான் புரிய வேண்டுமா? இல்லை. சில நேரங்களில் காதைத் திறந்து வைத்தாலே போதும்.

லைலா அபு-லுகோட் என்ற பாலஸ்தீனப் பின்னணி கொண்ட அமெரிக்க ஆய்வாளர், 1978 முதல் 1980 வரை எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலி என்ற பெடுயின் மக்களோடு வாழ்ந்தார். தனியாக வந்த பெண் என்று யாரும் குறைவாக நினைத்துவிடக்கூடாது என்று அவருடைய தந்தையே கூடவே வந்து அறிமுகம் செய்துவைத்தார். அந்தக் குடும்பத்தின் மகளைப் போலவே லைலா அங்கு வளர்ந்தார் என்று சொல்லலாம்.

அந்தச் சமூகத்தில் மானம் பெரிது. பிரிவோ இழப்போ வந்தால், ‘எனக்கொன்றும் இல்லை’ என்று அலட்சியமாகப் பேசுவார்கள் அல்லது கோபப்படுவார்கள். உடைந்துபோனதாகக் காட்டிக்கொள்வது கௌரவக் குறைவு. ஆனால் அதே மனிதர்கள், நெருங்கியவர்கள் மட்டும் கூடியிருக்கும்போது ‘கின்னாவா’ என்ற சின்னஞ்சிறு பாட்டைச் சொல்வார்கள். சில சொற்கள்தான். அதில் நொறுங்கிய மனம் அப்படியே இருக்கும்.

லைலா இதை 1986இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பேச்சு பொய், பாட்டுதான் உண்மை என்று எளிதாக முடித்துவிடலாம். அவர் அப்படி முடிக்கவில்லை. மானத்தைக் காக்கும் மனிதரும் அவரே, உள்ளுக்குள் உடையும் மனிதரும் அவரே. ஒரு பண்பாடு சில உணர்வுகளைப் பேச்சுக்குள் விடாது, ஆனால் அவை வெளியேற வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கும். கேள்வித்தாளோடு போய்ப் பேச்சை மட்டும் பதிவு செய்து வந்தால் அந்த வாசல் நம் கண்ணிலேயே படாது.

ஒப்பாரியில் யார் அழுகிறார்கள்?

நமக்கும் அப்படி ஒரு வாசல் இருந்தது. தோட்டத்துத் துக்க வீடுகளில் பெண்கள் தோளோடு தோள் அணைத்து, ஆடியபடி பாடிய ஒப்பாரியை நம் பெற்றோர் தலைமுறை கேட்டிருக்கிறது. நம்மில் பலர் திரைப்படத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

தமிழ்நாட்டின் தென்னார்க்காட்டுப் பகுதியில் கள ஆய்வு செய்த இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் ஒப்பாரி பற்றி ஒரு நூல் எழுதினார். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான் நூலின் தலைப்பு. கேட்கக் கொடுமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒப்பாரி பாடிய பெண்களிடமிருந்தே அவர் கற்றுக்கொண்டது அது. ஒப்பாரி வைக்கும் பெண், இறந்தவரை முன்னிட்டுத் தன் வாழ்க்கையைத்தான் பாடுகிறாள். பிறந்த வீட்டில் செல்லமாக இருந்தது, புகுந்த வீட்டில் பட்டது, அண்ணன் தம்பி கைவிட்டது, யாரிடமும் சொல்ல முடியாமல் போன அவமானம் எல்லாம் அந்த ராகத்தில் வெளியே வரும். அன்றாடப் பேச்சில் சொன்னால் ‘வாயாடி’ என்று பெயர் வரும். துக்க வீட்டில் அதற்கு அனுமதி உண்டு.

இதைப் படித்தபோது நான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மெய்ப்பாடு என்றால் மெய்யில், அதாவது உடம்பில், தோன்றுவது. உணர்வைச் சொல்லில் தேடுவதற்கு முன் உடம்பில் பார் என்று அந்தப் பெயரே சொல்கிறது. நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர், அழுகைக்கு நான்கு காரணங்கள் தருகிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்னும் இழப்பு இரண்டாவதுதான். முதலில் நிற்பது இளிவு, பிறர் இகழ்வதால் வரும் தாழ்வு. முன்பிருந்த நிலையிலிருந்து சரிவதும் ஏழ்மையும் அடுத்து வருகின்றன. தென்னார்க்காட்டுப் பெண்கள் ஒப்பாரியில் எதை அழுதார்களோ, அதற்கு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது.

சங்க இலக்கியத்திலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. தலைவன் இறந்த பிறகு பாடும் துறைக்குக் ‘கையறுநிலை’ என்று பெயர். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போன நிலை. பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் வரும் 112ஆம் பாடலை நினைத்துப் பாருங்கள். அதில் அழுதோம் என்ற சொல் இல்லை, துக்கம் என்ற சொல்லும் இல்லை. சென்ற மாதமும் நிலவு இருந்தது, இந்த மாதமும் இருக்கிறது. அப்போது தந்தையும் குன்றும் இருந்தனர், இப்போது இரண்டும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. துக்கத்தைப் பெயர் சொல்லி அழைக்காமலேயே இரண்டாயிரம் ஆண்டுகள் நம்மைக் கலங்க வைக்கிறது அந்தப் பாட்டு.

பேசாத நாளும் ஆய்வுதான்

சொல்லுக்கு அப்பால் உள்ளதை எழுதுகிறேன் என்று கிளம்பினால் ஓர் ஆபத்தும் கூடவே வரும். அடுத்தவர் வாயில் நம் சொற்களைத் திணித்துவிடுவோம். அவர் மௌனமாக இருந்த இடத்தில் நாம் கண்ணீரை எழுதிவிடுவோம். அவருடைய கரடுமுரடான பேச்சை அழகான உரைநடையாகத் தேய்த்துவிடுவோம்.

இதற்கு மறுத்த ஒருவரின் கதை இது. சோரா நீல் ஹர்ஸ்டன் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர், மானுடவியல் பயின்றவர். 1927இல் அவர் அலபாமா மாநிலத்துக்குப் போய், கொசோலா என்ற முதியவரைச் சந்தித்தார். 1860இல் ‘கிளோடில்டா’ என்ற கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர் அவர். அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றி வந்ததாக அறியப்படும் கடைசிக் கப்பல் அது. பின்னர் மனைவியையும் பெற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பறிகொடுத்தவர் கொசோலா.

ஹர்ஸ்டன் போன எல்லா நாளும் அவர் பேசவில்லை. சில நாள் தோட்ட வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். சில நாள் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஹர்ஸ்டன் அவசரப்படவில்லை. பழங்கள் கொண்டுபோவார். ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டார்கள். இவை எல்லாவற்றையும் அவர் எழுதியும் வைத்தார். பேசாத நாளையும் ஆய்வின் ஒரு பகுதியாகவே அவர் பார்த்தார்.

கையெழுத்துப் படி தயாரானபோது ஒரு பெரிய பதிப்பகம் ஆர்வம் காட்டியது, ஆனால் முதியவரின் வட்டாரப் பேச்சைத் திருத்தமான ஆங்கிலமாக மாற்றச் சொன்னது. ஹர்ஸ்டன் சம்மதிக்கவில்லை. நூல் அச்சேறவில்லை. அவர் 1960இல் இறந்தார். ‘பராகூன்’ என்ற அந்த நூல் 2018இல்தான் வெளிவந்தது. பிழையாகத் தோன்றிய அந்தப் பேச்சில்தான் கொசோலா என்ற மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதை இன்று வாசிப்பவர்கள் உணர்கிறார்கள்.

நம் வீட்டில் உள்ள களம்

இதெல்லாம் மலேசியாவில் படிக்கும் நமக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு, மக்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். லயத்து வீட்டில் பிறந்து, விடியற்காலை விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன தலைமுறை இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்து நிற்கிறது. சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பியவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. வரலாறு, தமிழ், சமூகவியல் என எந்தத் துறையில் படித்தாலும் ‘மூத்தவர் ஒருவரை நேர்காணல் செய்க’ என்ற இடுபணி நமக்கு வருகிறது. கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறோம், எழுதி எடுக்கிறோம், ஆங்கிலத்திலோ மலாயிலோ மொழிபெயர்த்துச் சமர்ப்பிக்கிறோம்.

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். அவருடைய முதல் குழந்தை ஒரு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டது. அந்த நாளைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “அன்னிக்கு விடியவே மழ. மரமெல்லாம் ஈரம். பெரட்டுல பேரு கொடுத்துட்டு வந்துட்டோம்.” பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “சாப்ட்டியா?” என்றார்.

எழுதி எடுத்தால் மூன்று சிறு வாக்கியங்கள். மொழிபெயர்த்தால் வானிலைக் குறிப்பு. ஆனால் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்த மழையின் பொருள் தெரியும். மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது, வேலை இல்லாவிட்டால் அன்றைய கூலி கேள்விக்குறி. அதே நேரம், தாய் வீட்டில் இருக்க முடிந்த நாளும் அதுதான். பாட்டியின் மழையில் இவற்றில் எது இருக்கிறது? அதை நான் முடிவு செய்யக்கூடாது. ரொசால்டோவின் இரண்டு வட்டங்களில் படியாத பகுதி அது. நான் செய்யக்கூடியது, மழையை மழையாகவே எழுதி, சேலைத் தலைப்பையும் ‘சாப்ட்டியா’வையும் விட்டுவிடாமல் இருப்பது. நிலவைச் சொல்லி நிறுத்திய பாரி மகளிரைப் படித்த மொழி நம்முடையது. மழையைச் சொல்லி நிறுத்தியவரை ‘தகவல் போதவில்லை’ என்று ஒதுக்கலாமா?

அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது

நீங்களும் இப்படி ஒரு நேர்காணலுக்குப் போகலாம். நான் படித்த ஆய்வாளர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒலிப்பதிவை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, ஒலிப்பதிவில் விழாதவற்றைக் குறியுங்கள். கை என்ன செய்தது, எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது, எவ்வளவு நேரம் மௌனம் நீடித்தது, யார் அறைக்குள் வந்ததும் பேச்சு மாறியது. மெய்ப்பாடு என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால் இவை தாமாகக் கண்ணில் படும்.

பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். ‘பெரட்டு’, ‘லயம்’, ‘ஆயாக்கொட்டகை’ போன்ற சொற்கள் வந்தால் அப்படியே எழுதுங்கள், விளக்கம் தேவையானால் அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். மொழிபெயர்க்க வேண்டியிருந்தால், மொழிபெயராத சொல்லை அப்படியே விட்டு, ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள். மிஷெல் ‘லிகெட்’டை அப்படித்தான் தக்கவைத்தார்.

‘அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்தக் கேள்வி நம் காலத்துத் தொலைக்காட்சிப் பேட்டியிலிருந்து வருவது. பாட்டு தெரியுமா, அன்று என்ன சமைத்தார்கள், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் கதவு எளிதாகத் திறக்கும். பாட்டாகவோ பழமொழியாகவோ பதில் வந்தால் அது நழுவல் அல்ல. அதுவே பதிலாக இருக்கலாம்.

அவர் பேச விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். நிறுத்தச் சொன்னால் பதிவை நிறுத்துங்கள். எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ‘நான் இப்படிச் சொல்லலையே’ என்று அவர் சொன்னால், எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். எழுத்து இலக்கியமாகிவிட்டதா என்று கவலைப்படுவதை விட, அவர் தம்மை அதில் அடையாளம் காண்கிறாரா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

அப்படியும் பல பதில்கள் உடனே விளங்காது. இருபது வயதில் நமக்கு விளங்காத ஒரு வரி, நாற்பது வயதில் ஒரு நாள் விளங்கலாம். ரொசால்டோவுக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அவருக்கு விளங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், விளங்காதபோதே அந்த வரியைத் திருத்தாமல், சுருக்காமல், தம் கோட்பாட்டுக்குள் அடைக்காமல் குறித்து வைத்திருந்தார் என்பது. அதை மட்டும் நாம் இப்போதே செய்துவிடலாம். பள்ளி விடுமுறையும் பல்கலைக்கழக விடுமுறையும் வரத்தான் போகின்றன. பாட்டியிடமோ தாத்தாவிடமோ போய் உட்காருங்கள். பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். முதல் நாள் ஒன்றும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.